விளக்குக் கரியும் பித்தளை அம்பும்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாக அப்பா புராணம் ஓடுகிறது. ஒருத்தியை அவள் அப்பா சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாராம். இன்னொருத்திக்குப் பரீட்சை நாளில் தோசையைப் பிய்த்து ஊட்டிவிட்டாராம். எல்லாரும் அழுகிற மூஞ்சியும் கும்பிட்ட கையுமாக அனுப்பித் தள்ளிவிட்டீர்கள். போதாததற்கு, "ஏட்டி, நீ மட்டும் ஏன் ஒண்ணும் எழுதாம இருக்க?" என்று என்னை வேறு இழுத்துவிட்டீர்கள்.

எழுதுகிறேன். ஆனால் படித்து முடித்ததும் யாரும் ரோஜாப்பூப் படம் அனுப்பக்கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நாம் எட்டாவது படித்த வருடம். என் அப்பாவுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு லேத் பட்டறை இருந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். தகரக் கூரை, ஒற்றை ஜன்னல், ஒரே ஒரு லேத். அதன் பெல்ட் ஓடும்போது இரண்டு வீடு தள்ளிப் பால் காய்ச்சுகிறவளுக்கும் கேட்கும். முக்கூடல் பக்கத்து விவசாயிகள் பம்ப்செட்டுக்குப் புஷ் என்கிற பித்தளை வளையம் கடையக் கொண்டுவருவார்கள். பஸ் முதலாளி ஒருவர் நிறைய வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவர் சொந்தமாகவே லேத் வாங்கிப் போட்டுவிட்டார். அதற்கப்புறம் அப்பா பட்டறையைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவுக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோவது என் வேலை. எனக்கு அது வேலையாகவே தோன்றாது. இரும்பு கடையும்போது நீலச் சுருளாக வரும், ஜிலேபி பிழிகிற மாதிரி. பித்தளை அப்படியல்ல, குருணை குருணையாகத் தெறிக்கும். செருப்பில்லாமல் மிதித்தால் காலில் ஏறிவிடும். பித்தளையைத் தொட்ட கை சோப்புப் போட்டாலும் இரவுச் சாப்பாடு வரைக்கும் மணக்கும். எனக்கு அந்த மணம் பிடிக்கும். இப்போதும் பழைய பித்தளைச் சாவியைக் கையில் எடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் கப்பலில் வேலை பார்த்த என் மாமா விடுமுறைக்கு வந்தார். எங்கள் சபையின் வாலிபர் சங்கத்துக்கு ஒரு பலகை கொண்டுவந்தார். வட்டமாக, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டு, நடுவில் சிவப்பாக ஒரு கண். கூடவே எறிவதற்கு மூன்று அம்புகள். டார்ட் என்று மாமா சொல்லிக்கொடுத்தார். வீட்டில் நாங்கள் கடைசிவரை அம்பு என்றுதான் சொன்னோம். சங்கத்து அண்ணன்மார் ஒரே மாதத்தில் அம்புகளைச் சுவரில் எறிந்து, கதவில் எறிந்து, ஒன்றைக் கிணற்றில் போட்டு, மற்ற இரண்டின் முனையையும் மழுங்கடித்துவிட்டார்கள். "அண்ணாச்சி, இதே மாரி கடைஞ்சு தருவியளா?" என்று அப்பாவிடம் வந்து நின்றார்கள்.

அப்பா அந்த மழுங்கிய அம்பை விரல்மேல் வைத்து எங்கே சாயாமல் நிற்கிறது என்று பார்த்தார். அன்று அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ரொம்ப நாள் கழித்து அவருக்கு யோசிக்கிறதுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

உடம்பு பித்தளை. முனைக்குச் சைக்கிள் கம்பியை அறுத்துச் சாணை பிடித்து இறுக்கினார். வாலுக்குப் பிரம்புக் குச்சி. குச்சியில் செருக இறகு வேண்டும். கோழி இறகு வளைந்துகொண்டது, வாத்து இறகு சின்னது. கடைசியில் ஐயர் பங்களாவில் வளர்த்த வான்கோழிதான் கைகொடுத்தது. எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்போம் என்பது உங்களுக்குத் தெரியாததா? உதிர்ந்த இறகைப் பொறுக்க நான் நாள்தோறும் போக, ஐயரம்மா, "இனிமே உதிர்ந்தாத்தான் பொறுக்கணும், பிடுங்கப்பிடாது. வான்கோழி என்னைப் பாத்தாலே ஓடுது" என்றார். நான் பிடுங்கியதேயில்லை. என் அண்ணன்தான் ஒருநாள் பிடுங்கினான். பேச்சு எனக்கு.

மூன்று அம்பும் ஒரே எடையாக இருக்கவேண்டும். தட்டாரிடம் தராசு இரவல் வாங்கிவந்து, ஒரு தட்டில் ஒன்றும் மறு தட்டில் ஒன்றுமாக வைத்து, அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி தராசு, மறுபடி ஒரு இழுப்பு. "குன்றிமணி வித்தியாசம் கெடையாது பாத்துக்க" என்று என்னிடம் காட்டினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எடை விஷயம் பின்னால் வரும்.

எடை சரியாக இருந்தும் அம்பு நேராகப் போகவில்லை. அப்பா எறிந்தால் பலகைக்கு இரண்டு சாண் தள்ளிப் போகும். முருங்கைக் கட்டையை வட்டமாக அறுத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். காப்பிச் செம்பை வைத்துவிட்டுச் சும்மா நின்ற நான், "நான் ஒண்ணு எறியட்டாப்பா?" என்று கேட்டேன். எறிந்தேன். பலகையின் நடுக்கண்ணுக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. அப்பா அதைப் பிடுங்கிவந்து மறுபடி கொடுத்தார். மறுபடியும் நின்றது.

எப்படி என்று கேட்காதீர்கள். சிலருக்கு முறுக்குப் பிழியச் சுற்று வரும், சிலருக்குக் கோலத்தில் கோடு நேராக வரும். எனக்கு இது வந்தது.

அன்றிலிருந்து அப்பா என்னை வைத்துத்தான் வேலை செய்தார். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து என் கட்டைவிரலிலும் மற்ற இரண்டு விரலிலும் தடவுவார். விரல் பிடிக்க இன்னும் இடுப்பு எடுக்காத பித்தளை உருளையைக் கையில் கொடுப்பார்.

"எப்படிப் பிடிக்கணும்பா?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பிடி. யோசிச்சியன்னா கெட்டுப்போவும்."

பிடித்து, எறியப் போகிறவள் போலக் கையை ஓங்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். பளபளக்கிற பித்தளையில் கறுப்பாக என் விரல் பதிந்திருக்கும். அதை அப்படியே லேத்தில் மாட்டி, கறுப்பு இருக்கிற இடத்தை மட்டும் பைய பைய எடுப்பார். கறுப்புப் போகும்போது அங்கே ஒரு இடுப்பு விழும். மறுபடி கரி, மறுபடி பிடி. மூன்றையும் அப்படியே கடைந்து, மறுபடி தட்டார் தராசில் எடை சரிபார்த்தார். கடைசியில் எந்த அம்பை எடுத்தாலும் விரல் தானாகப் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் மாறாது. என் அளவுக்குத் தைத்த சட்டைகூட என்மேல் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஜங்ஷனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் அப்பா இதைக் கொண்டுபோய்க் காட்டினார். அவர் ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் எண்ணெய் பட்டுவிடக்கூடாதென்று வாசலிலேயே நின்று பேசினார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு வே. எனக்குப் பேச்சு வேண்டாம், எறிஞ்சு காட்டும். உங்க கோயில் அசன விருந்துக்கு நான் வாரேன். நாலு பேருக்கு முன்னால பலகையில நின்னுச்சுன்னா, பள்ளிக்கூடம், கிளப்பு எல்லாத்துக்கும் நான் எடுத்துக்கிடுதேன். உமக்கு வருஷம் பூரா வேலை இருக்கும்."

அவர் போனதும் அப்பா லேத்தை நிறுத்தினார். "ஏட்டி, அசனத்தன்னைக்கு நீதான் எறியப் போற. பாவாடைய இழுத்துச் சொருகிக்கிட்டு நிக்காம ஒழுங்கா நில்லு, என்ன?" என்றார். என்னிடம் அவர் சொன்ன சொல் இது. வேறு யாரும் அங்கே இல்லை. ஆனால் சொன்னார். என் ஆயுசில் நான் எதற்காகவும் அத்தனை ஜெபம் பண்ணினதில்லை. மழை வரக்கூடாது, காய்ச்சல் வரக்கூடாது என்று ஜெபம். வரக்கூடாதது வேறொன்று இருந்தது, அது எனக்குத் தோன்றவில்லை.

அசனத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் நான் பெரியவளானேன். உங்களுக்கெல்லாம் நடந்ததுதான். அத்தை தாவணி கொண்டுவந்தாள், உளுந்தங்களி கிண்டினார்கள், ஐயரம்மா வந்து ஜெபித்துவிட்டுப் போனார். நான் மறுபடி காப்பிச் செம்பை எடுத்தபோது அம்மா கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டாள். "இனிமே அண்ணன் கொண்டுபோவான்."

"அம்பு எறியணும்மா. அப்பா சொல்லியிருக்காவ."

"அண்ணன் எறிவான்."

அப்பாவிடம் கேட்கலாம் என்று ராத்திரி அவர் சாப்பிடும்போது நின்றேன். அவர் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே அவர் அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டார் என்று இப்போது தெரிகிறது. அப்போது அவருக்கு ஏதோ வேலைக் கவலை என்று நினைத்தேன்.

அண்ணனுக்கு அப்போதே நல்ல வளர்த்தி. விரல்கள் வெண்டைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். பால் பாட்மிண்டன் நன்றாக ஆடுவான். அம்பை எடுத்துக்கொண்டு கொல்லையில் நின்று வாழைமரத்தில் எறிந்து பழகினான். "இது பிடிக்கவே வரலப்பா. வழுக்குது" என்று அவன் சொன்னதை நான் சமையல்கட்டிலிருந்து கேட்டேன். "பழகுனா வரும்லே" என்றார் அப்பா. வெட்டிய பித்தளை திரும்ப ஒட்டாது. அவன் கைக்கு வேறு கடையலாம்தான். பித்தளைக்கா பஞ்சம்? ஒரு பழைய புஷ் போதும். அப்பா கடையவில்லை.

அசனம் எப்படி இருக்கும் என்று உங்களில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டி, சபையார் எல்லாருக்கும் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கி, பந்தி வைப்பார்கள். அன்றைக்குக் காணிக்கையாக வந்த பூசணிக்காய், சேவல், தேங்காய்க்குலை எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நடுவில் போட்டிகள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்பிள்ளைகளுக்கு வேத வசனம் ஒப்பிப்பது, கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து நடப்பது. அந்த அம்புப் பலகையை ஆண்கள் பக்கத்து வேப்பமரத்தில் மாட்டியிருந்தார்கள்.

நான் பெண்கள் பக்கத்தில், தேங்காய் துருவுகிற இடத்தில், புதுத் தாவணி நழுவ நழுவ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணாச்சி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அப்பா அவர் பக்கத்தில் உட்காராமல் நின்றார். மைக்கில் அண்ணன் பேரைச் சொன்னார்கள்.

முதல் அம்பு பலகையின் ஓரச் சட்டத்தில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டாவது வேப்பமரத்தில் ஏறியது. கூட்டம் சிரித்தது. அண்ணனுக்குக் காது சிவந்துபோனது. மூன்றாவது அவன் விரலிலிருந்து வழுக்கி, மேலே எழும்பி, எங்கள் தேங்காய்ச் சிரட்டைக் குவியலில் வந்து விழுந்தது. பெண்கள் எல்லாரும் அலறி எழுந்தார்கள். அம்மா மட்டும் குனிந்து அதை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"அம்மா, அதைத் தா. நான் எறியுதேன்."

"பேசாம இரி."

நான் இருக்கவில்லை. கையில் வெங்காயத் தொலியோடு எழுந்து, பெண்கள் பக்கத்தைத் தாண்டி, ஆண்கள் பக்கம் நடந்து அப்பாவிடம் போனேன். வேப்பமரத்தில் ஏறியிருந்த அம்பைப் பிடுங்கி அவரிடமே நீட்டி, "அப்பா, நான் ஒருக்க எறியட்டுமா? அண்ணன் கைக்கு இது சேராதுப்பா" என்றேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

"யாரு வே இந்தப் பிள்ள?" என்று அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எறிந்துதான் பார்க்கட்டுமே என்கிற முகம்தான் அது.

"எம் மவதான். வெளையாட்டுப் பிள்ள" என்றார் அப்பா. என் கையிலிருந்து அம்பை வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். "ஏட்டி, அங்கன அம்மாகிட்டப் போ." பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "கடைசல்ல கோளாறு அண்ணாச்சி. எடை தப்பிட்டு. என் வேலைதான் சரியில்ல" என்றார்.

அண்ணாச்சி பந்திக்குக்கூட இருக்காமல் கிளம்பிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவாகத்தான் சொன்னார், சட்டையைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். "சின்னப் பிள்ள கையைப் பாத்து வேலை செஞ்சா இப்படித்தான் முடியும்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் விழுங்கினேன். என் கையால்தான் கெட்டது என்று நம்பினேன். நான் தப்பாகப் பிடித்தேன், அப்பா என்னை நம்பித் தப்பாகக் கடைந்தார். அதனால்தான் மறுநாள் ஜங்ஷனுக்குப் போகிற வழியில் ஆற்றுப் பாலத்திலிருந்து இரண்டு அம்பையும் தண்ணீரில் எறிந்தார். அதனால்தான் அடுத்த மழைக்கு முன்னால் லேத்தை ராதாபுரத்திலிருந்து வந்த ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதனால்தான் அப்பா மேற்கே ஒரு மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து, தன்னைவிடச் சின்னவனிடமெல்லாம் ஏச்சு வாங்கினார். ஞாயிறு தோறும் கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது மற்றவர்களுக்கு என்னென்ன ஞாபகம் வந்ததோ, எனக்கு வேப்பமரம்தான் வந்தது.

அதற்கப்புறம் நான் ஒரு கல்லைக்கூட எறிந்ததில்லை. மாங்காய் அடிக்க நீங்கள் எல்லாரும் கல் எடுப்பீர்களே, நான் கீழே பொறுக்க நிற்பேன். பயந்தாங்கொள்ளி என்று எனக்குப் பேர் வைத்தீர்கள். தையல் டீச்சராக வேலை பார்த்தபோது ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள், ஒரே தடவையில் கோத்துவிடுவேன். கை நடுங்காது. அதை நினைத்துப் பெருமைப்படக்கூட எனக்கு வரவில்லை.

அண்ணன் வங்கியில் பெரிய வேலைக்குப் போனான். குடும்ப விசேஷம் எதுவானாலும் பந்தியில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுவான். "எங்கப்பா ஒரு அம்பு கடைஞ்சார் பாருங்க, பலகையைத் தவிர எல்லாத்துலயும் ஏறும்!" எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அப்பா இருந்தபோது அவரும் சிரித்தார்.

அப்பா போய்ப் பல வருடம் கழித்து அம்மா என்னோடு வந்து இருந்தாள். வரும்போது தன் டிரங்குப் பெட்டியில் அந்த மூன்றாவது அம்பையும் கொண்டுவந்தாள். அது அவளுக்குத் தேங்காய்க் கண்ணைக் குத்துகிற கருவி. வாலும் இறகும் எப்போதோ போய்விட்டன. பித்தளை உடம்பும் முனையும்தான் மிச்சம். எங்கள் வீட்டில் இளநீர் குடிக்கிறதானாலும் தேங்காய்த் தண்ணி எடுக்கிறதானாலும் அது இல்லாமல் நடக்காது.

ஒருநாள் காலை, சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்து அம்மா தேங்காயைக் குத்திக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் விரல் மூன்றும் அந்த இடுப்பில் போய் அப்படியே உட்கார்ந்திருந்தன.

"உனக்கு அது நல்லா வாகா இருக்கேம்மா."

"இருக்காதா பின்னே? உன் கை என் கைதானட்டி. உன் கைக்குக் கடைஞ்சது எனக்குச் சேராமலா போவும்?" குத்துவதை நிறுத்தாமல் சொன்னாள். "அண்ணன் கைக்கு இது சேராதுன்னு உங்கப்பாவுக்குத்தான் அசனத்துக்கு முந்தின வாரமே தெரியுமே."

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"தெரியுமா?"

"ராவெல்லாம் உறங்காமக் கெடந்தாவ. நான்தான் சொன்னேன், அப்பம் பிள்ளையவே எறியச் சொல்லுங்க, யாரு என்ன சொல்லப் போறான்னு. 'பொட்டப்பிள்ள எறிஞ்சு காட்டித்தான் என் பட்டறை ஓடணும்னா, அது ஓடவே வேண்டாம்'னுட்டாவ. நான் அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?"

"எடை தப்பிட்டுன்னு சொன்னாவளே."

"அதெல்லாம் ஒண்ணும் தப்பல. தட்டார் தராசுல நிறுத்ததுல்லா?"

"என் கையாலதான் கெட்டுச்சுன்னு இத்தனை வருஷம் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஏம்மா சொல்லல?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "நீ கேக்கவே இல்லியே" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். நான் அதை வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

அம்மா போனபிறகு அந்த அம்பு என்னிடம் இருக்கிறது. பித்தளை தேய்ந்து மழமழவென்றாகிவிட்டது. அதை எடுத்து எறிந்து பார்க்கலாமே என்று உங்களில் யாராவது எழுதுவீர்கள். வலது தோள் இறுகிப்போய் இரண்டு வருடமாகிறது. ஜாக்கெட் மாட்டவே மருமகள் வரவேண்டியிருக்கிறது.

அப்பாவுக்குப் பாசம் இல்லையென்று சொல்லமாட்டேன். பாசம் இருந்தது. அந்தக் கறுப்பு விரல் பதிந்த இடத்தை அத்தனை பொறுமையாகக் கடைந்தவருக்குப் பாசம் இல்லாமல் இருக்குமா? ஆனால் பட்டறையைவிட, சோற்றைவிட, தன் கைவேலையின் பேரைவிட அவருக்கு ஒன்று பெரிதாக இருந்தது. அதைக் காப்பாற்றத் தன் வேலையையே நாலு பேர் முன்னால் கேவலமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து மிச்சத்தை என் தலையில் வைத்தார். பதிமூன்று வயதுப் பிள்ளை தாங்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

வருடா வருடம் ஈஸ்டர் விடியற்காலையில் அண்ணன் கார் கொண்டுவருவான். கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, அப்பா தலைமாட்டில் சம்பங்கி மாலை வைத்துவிட்டு வருவோம். இந்த வருடமும் வந்து வாசலில் ஹார்ன் அடித்தான். நான் கதவைத் திறந்து, நீ போய்விட்டு வா என்றேன்.

"ஏன், என்ன?" என்றான்.

அவனிடம் சொல்லியிருக்கலாம். வேப்பமரத்தைப் பற்றி, அம்மா சொன்னதைப் பற்றி எல்லாம். காரில் அவன் மகனும் பேரனும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கால்ல கோளாறு" என்றேன்.